நோட்டுக் கணக்கிலிருந்து டேலிக்கு: ஒரு ஹார்டுவேர் கடையை வைத்து

டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரைப் போட்டுத் தர வருகிறவர் ஒரு மணி நேரத்தில் அதில் உங்கள் கடைக்கு ஒரு ‘கம்பெனி’ (கடைக் கணக்கு மொத்தமும் இருக்கும் ஃபைல்) உருவாக்கி, ஜிஎஸ்டி எண்ணை அடித்து, மாதிரிக்கு ஒரு பில்லும் போட்டுக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். அதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற கடைகளில் டேலி பில் அடிக்கும் மெஷினாகவே காலத்தைத் தள்ளும். நமக்கு யார் எவ்வளவு தரணும், நாம் யாருக்கு எவ்வளவு தரணும், குடோனில் என்ன கிடக்கிறது, கையிலும் பேங்கிலும் எவ்வளவு, இத்தனையையும் ஒரே தேதியில் நிறுத்தி எழுதாமல் எந்த சாஃப்ட்வேரும் உங்களுக்கு உருப்படியான ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) காட்டாது. அதை வெளியாள் செய்ய முடியாது, முதலாளிதான் உட்காரணும். சிமெண்ட், கம்பி, பெயிண்ட், பைப் விற்கும் ஹார்டுவேர் கடையை வைத்துச் சொல்கிறேன், மற்ற கடைக்காரர்கள் பொருள் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த சாஃப்ட்வேர் என்பதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். உங்கள் ஆடிட்டர் எதில் வேலை பார்க்கிறாரோ அதையே எடுங்கள், நம்ம ஊரில் அது பெரும்பாலும் டேலிதான். ஜோஹோ புக்ஸ், பிஸி, வியாபார் எல்லாமே வேலை செய்யும், ஆனால் வருஷக் கடைசியில் அவர் கேட்கிற வடிவத்தில் டேட்டா கொடுக்க முடியாமல் தவிப்பது நீங்கள்தான். காசு கட்டும் முன் டேலி பிரைமை எஜுகேஷனல் மோடில் போட்டுப் பாருங்கள், மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும் என்ட்ரி ஏற்கும் என்றாலும் பழகிப்பார்க்க அது போதும். கிராக் வெர்ஷன் வேண்டவே வேண்டாம். ஜிஎஸ்டி விதி மாறும்போதெல்லாம் அப்டேட் வராமல் நின்றுபோகும், வைரஸ் வந்து டேட்டா போனால் போய்க் கேட்கவும் ஆள் கிடையாது.

அடுத்தது தேதி. ஏப்ரல் 1 என்றால் சுலபம், மார்ச் 31 ஐந்தொகையை ஆடிட்டரிடம் வாங்கி அந்தத் தொகைகளையே ஆரம்ப இருப்பாகப் போட்டுவிடலாம். நடு வருஷத்தில் முடிவு செய்கிறீர்கள் என்றாலும் கம்பெனியை ஏப்ரல் 1 முதலே தொடங்குங்கள். போன மாதங்களின் விற்பனையை ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டிய மாத மொத்தமாகப் போட்டால் போதும், கொள்முதலை மட்டும் பில் பில்லாகப் போடுங்கள், சப்ளையர் பாக்கி அப்போதுதான் சரியாக நிற்கும்.

இப்போது பேனா வேலை. கடன் நோட்டை எடுத்து ஒவ்வொரு பெயராக எழுதுங்கள். ஹார்டுவேர் கடையில் வரும் பெரிய குழப்பம், பாக்கி மேஸ்திரி பெயரில் இருக்கும், சரக்கு போனது வீட்டுக்காரர் சைட்டுக்கு. கேட்டால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். யார் பெயரில் பில் போட்டீர்களோ அவர் பெயரில்தான் லெட்ஜர் (தனிக் கணக்கு), சைட் பெயரைப் பில்லின் குறிப்பில் எழுதுங்கள். ‘முருகன்’ என்று மொட்டையாக ஒரு லெட்ஜர் திறந்தால் ஆறே மாதத்தில் நாலு முருகன் வந்துவிடுவார்கள், அதனால் ‘முருகன் மேஸ்திரி பைபாஸ்’ என்று ஊரோ தெருவோ சேர்த்து, செல் நம்பரையும் போட்டுவிடுங்கள். பட்டியல் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ‘மார்ச் 31 வரை உங்கள் பாக்கி 18,450 ரூபாய், சரியா?’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள். சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், டேலியில் ஏற்றும் முன்னாலேயே அந்தச் சண்டை முடிந்துவிடுவது நல்லது.

நோட்டுக் கூட்டலும் ஆடிட்டர் ஐந்தொகையில் காட்டியிருக்கும் கடனாளிகள் தொகையும் பல கடைகளில் ஒத்துப்போகாது. பேசாமல் ஒரு எண்ணைத் திருத்திவிட்டுப் போகாதீர்கள். நோட்டோடு போய் அவர் எதிரில் உட்கார்ந்து, வராத கடன் எது, வந்தும் நோட்டில் அடிக்காமல் விட்டது எது என்று பிரித்து, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். லெட்ஜர்களை ஏற்றும்போது ‘பில் வைஸ்’ என்பதற்கு எஸ் கொடுத்து, பழைய பாக்கியையும் முடிந்தவரை பில் பில்லாகவே போடுங்கள். மொத்தமாக 18,450 என்று போட்டுவிட்டால் எது 20 நாள் பாக்கி, எது இரண்டு வருஷப் பாக்கி என்று கடைசிவரை தெரியாது.

சரக்கு எண்ணுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டுச் செய்யுங்கள். விலை, நீங்கள் வாங்கிய விலை. விற்கிற விலை அல்ல, வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொண்டிருந்தால் அதுவும் சேராது. இதில் யூனிட்தான் உயிர். கம்பி நமக்குக் கிலோவில் வருகிறது, வாடிக்கையாளர் ‘எட்டு எம்எம் பத்து கம்பி’ என்று எண்ணிக்கையில் கேட்கிறார். 8 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று சுமார் 4.74 கிலோ. 12 எம்எம் என்றால் மீட்டருக்கு 0.888, முழுக் கம்பி சுமார் 10.66 கிலோ. அப்போது அடிப்படை யூனிட்டைக் கிலோ என்று வைத்து, மாற்று யூனிட்டாக எண்ணிக்கையைக் கொடுங்கள். மில்லுக்கு மில் எடை கொஞ்சம் கூடும் குறையும் என்பதால் மாதம் ஒரு தடவை எண்ணிப் பார்த்து வித்தியாசத்தைச் சரிக்கட்டணும். வயர் 90 மீட்டர் காயிலாக வந்து மீட்டரில் போகும், அங்கே மீட்டரே அடிப்படை. ஆணி, திருகு, வாஷர் மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கு ஒவ்வொரு சைஸுக்கும் தனி ஐட்டம் திறந்து மாட்டிக்கொள்ளாதீர்கள், ‘ஆணி, கிலோ’ என்று ஒன்று போதும். பெயிண்டுக்கு நேர் எதிர். அங்கே 1, 4, 10, 20 லிட்டர் எல்லாமே தனித்தனி ஐட்டம்தான், ஒன்றாகப் போட்டால் எந்த டப்பா தீர்ந்தது என்றே தெரியாது.

லெட்ஜர் எந்தக் குரூப்பில் போகிறது என்பதில்தான் லாபக் கணக்கு கோணுகிறது. லாரி வாடகை, இறக்குக்கூலி டைரக்ட் எக்ஸ்பென்ஸ், அதாவது சரக்கோடு நேரடியாகச் சேரும் செலவு. கடை வாடகை, கரண்ட் பில், டீச் செலவு இன்டைரக்ட். கடைக்குக் கொடுத்த அட்வான்ஸ் செலவே இல்லை, அது டெபாசிட்டில் போகணும். பேங்க் சிசி லிமிட் (கடை நடத்த பேங்க் தரும் கடன் கணக்கு) ‘பேங்க் ஓடி’ குரூப்பில். கல்லாவிலிருந்து வீட்டுக்கு எடுக்கிற பணம், பிள்ளை ஃபீஸ், சொந்த வண்டி இஎம்ஐ, எல்லாவற்றுக்கும் முதல் கணக்குக்குக் கீழே ‘சொந்த எடுப்பு’ என்று ஒரு லெட்ஜர் திறந்து அங்கே தள்ளுங்கள். நிறையப் பேர் இதை எழுதவே மாட்டார்கள், அப்புறம் கல்லா இருப்பு ஏன் டேலியில் எட்டு லட்சம் காட்டுகிறது என்று தலையைச் சொறிவார்கள்.

எல்லாம் ஏற்றியபின் ஐந்தொகையைத் திறந்தால் ‘டிஃபரன்ஸ் இன் ஓப்பனிங் பேலன்ஸஸ்’ என்று ஒரு வரி நின்றால், ஏதோ விடுபட்டிருக்கிறது அல்லது வரவு பற்று மாறியிருக்கிறது. வித்தியாசத்தை இரண்டால் வகுத்து, அந்தத் தொகையில் ஏதாவது லெட்ஜர் இருக்கிறதா என்று பாருங்கள், பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருந்தால் அங்கேயே மாட்டும். அந்த வரி மறையும்வரை ஒரு பில்கூடப் போடாதீர்கள்.

ஜிஎஸ்டிக்கு வருவோம். தமிழ்நாட்டு ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும், அடுத்த பத்து எழுத்தும் பான் எண். வாங்குகிறவர் எண்ணில் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்க்காமல் பில் போடாதீர்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக் கடைக்கு லோடு அனுப்பினால் தூரம் கூப்பிடு தூரம்தான், ஆனால் அங்கே 34, ஆகவே வெளி மாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி. ஐட்டத்தில் எச்எஸ்என் (ஜிஎஸ்டியில் பொருளை வகைப்படுத்தும் எண்) போடணும், சிமெண்டுக்கு 2523, பிவிசி பைப்புக்கு 3917, பெயிண்டில் தண்ணீர் கலக்கிற எமல்ஷன் 3209, தின்னர் கலக்கிறது 3208. வரி விகிதத்தை ஐட்டத்தில் போடும்போது எந்தத் தேதியிலிருந்து என்றும் கொடுங்கள். சிமெண்ட் 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது, அதற்கு முந்தின பில்லுக்குச் சரக்கு திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டில் பழைய விகிதம்தான் வரணும். காம்போசிஷனில் (விற்பனை மேல் ஒரு சிறு சதவீதம் மட்டும் வரி கட்டும் சிறு கடைத் திட்டம்) இருப்பவர்கள் பில்லில் வரியே காட்டக் கூடாது, கம்பெனி திறக்கும்போதே அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

தினசரி என்ட்ரிக்கு ஆறு கீ போதும். எஃப் 5 பணம் கொடுத்தது, எஃப் 6 பணம் வந்தது, எஃப் 8 விற்பனை, எஃப் 9 கொள்முதல், எஃப் 7 ஜர்னல் (பணம் கைமாறாத என்ட்ரி), எஃப் 4 கான்ட்ரா. கல்லாப் பணத்தைப் பேங்கில் கட்டுவது எஃப் 4, அதை எஃப் 5-இல் போடும் பழக்கத்தை முதல் நாளிலேயே தடுத்துவிடுங்கள். கியூஆர் கோடு முதலாளியின் சேவிங்ஸ் கணக்கில் இருந்தால் கடை பெயரில் கரண்ட் அக்கவுண்ட் திறந்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் மாமனார் அனுப்பிய பணமும் விற்பனையும் ஒரே ஸ்டேட்மெண்டில் கலந்து கிடக்கும். ராத்திரி கடை மூடும் முன் கல்லாவை எண்ணி டேலி கேஷ் புக்கோடு பார்ப்பது, வாரம் ஒரு தடவை பேங்க் ஸ்டேட்மெண்டை ஒப்பிடுவது, மாதம் 14-ஆம் தேதிக்கு மேல் ஜிஎஸ்டிஆர் 2பி (சப்ளையர்கள் உங்கள் எண்ணில் காட்டிய பில் பட்டியல்) எடுத்துக் கொள்முதல் பில்லோடு பார்ப்பது, இந்த மூன்றையும் விடக் கூடாது. சப்ளையர் பில்லை ரிட்டர்னில் ஏற்றாமல் விட்டது அங்கேதான் தெரியவரும், அப்போதே போன் போடலாம்.

பேக்கப் தினமும் ஒரு பென்டிரைவில், வாரம் ஒரு தடவை கூகுள் டிரைவில். பென்டிரைவைக் கம்ப்யூட்டரிலேயே சொருகி வைத்துவிட்டுப் போவதில் அர்த்தமில்லை. பில் போடும் பையனுக்குத் தனி லாகின் கொடுங்கள், பழைய தேதி என்ட்ரியைத் திருத்தும் உரிமை அதில் இருக்க வேண்டாம். நோட்டை ஒரு மாதம் கூடவே எழுதுங்கள், இரண்டிலும் பாக்கி ஒத்துப்போனால் நிறுத்திவிடலாம்.

அடுத்த ஏப்ரலில் புதுக் கம்பெனி திறக்கத் தேவையில்லை. அதே கம்பெனியில் ஆல்ட் எஃப் 2 அழுத்திக் காலத்தை மாற்றி, பில் எண்ணை மட்டும் ஒன்றிலிருந்து தொடங்கினால் போதும். ஆனால் ஆடிட்டர் கணக்கை முடிக்கும்போது தேய்மானம், வராக்கடன் என்று சில என்ட்ரிகளைத் தன் பக்கம் போட்டிருப்பார். அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி மார்ச் 31 தேதியிட்டு உங்கள் டேலியிலும் போட்டுவிடுங்கள். அவர் தாக்கல் செய்த ஐந்தொகையும் உங்கள் திரையில் தெரிவதும் ஒன்றாக இருந்தால்தான் லோனுக்குப் போகும்போது பேங்க் மேனேஜர் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.