பழைய ஜீப்பில் ஆம்பியர் மீட்டர் மாட்டலாம் வாங்க

கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் முட்டைக்கோசும் இறக்குகிற பழைய டீசல் ஜீப் என்னுடையது. போன பலாப்பழ சீசனில் குஞ்சப்பனைக்கு மேலே ரோட்டில் யானை. இன்ஜினை அணைத்துவிட்டு பார்க்கிங் லைட்டோடு முக்கால் மணி நேரம் நின்றேன், யானை இறங்கிப் போனதும் சாவியைத் திருப்பினால் செல்ஃபில் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நல்லவேளை இறக்கம், உருட்டி கியரில் போட்டு எடுத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் ஃபேன் பெல்ட் தொளதொளவென்று கிடக்கிறது, அந்த பெல்ட்டில் சுற்றுகிற ஆல்டர்நேட்டர் எத்தனை நாளாகச் சரியாக சார்ஜ் ஏற்றவில்லையோ தெரியாது, டேஷ்போர்டில் அதைச் சொல்ல வேண்டிய சிவப்பு பல்பும் எப்போதோ ஃப்யூஸ் போயிருக்கிறது. அந்த வாரமே, பேட்டரிக்குள் கரண்ட் போகிறதா (பிளஸ்) வெளியே வருகிறதா (மைனஸ்) என்று காட்டும் ஆம்பியர் மீட்டர் மாட்டினேன்.

முதலில் ஒன்று: இது பழைய வண்டிக்கான வேலை. புது கார்களில் பேட்டரி நெகட்டிவ் முனையிலேயே சென்சார் வைத்து கம்ப்யூட்டர் சார்ஜிங்கைக் கவனிக்கிறது, அதில் ஒயரை வெட்டி விளையாடாதீர்கள். புது கார் வைத்திருப்பவர்களுக்கு வோல்ட் மீட்டர் போதும்.

மீட்டர் நடுவில் பூஜ்யமும் இரண்டு பக்கமும் பிளஸ், மைனஸும் உள்ளதாக இருக்க வேண்டும். உங்கள் ஆல்டர்நேட்டர் 45 ஆம்பியர் என்றால் 60 ஆம்பியர் மீட்டர் வாங்குங்கள். அந்தக் காலத்து மீட்டர்களில் மொத்த கரண்டும் டேஷ்போர்டுக்குள் போய்த் திரும்பும், ஒரு நட் தளர்ந்தால் அங்கேயே தீப்பிடிக்கும், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஷண்ட் வைத்த மீட்டரே நல்லது. ஷண்ட் என்பது ஒரு சின்ன உலோகப் பட்டை. அதன் வழியாக 60 ஆம்பியர் ஓடினால் இரண்டு முனைக்கும் நடுவே 75 மில்லிவோல்ட் வரும், மீட்டர் அதை அளந்து ஆம்பியராகக் காட்டும். மீட்டரிலும் ஷண்டிலும் அதே 60 ஆம்பியர், 75 மில்லிவோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இனி வேலை. பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றுங்கள், கடைசியில்தான் திரும்ப மாட்ட வேண்டும். அப்புறம் செல்ஃப் மோட்டாரின் சோலனாய்டில், அதாவது மோட்டாருக்குக் கரண்ட் விடும் பெரிய சுவிட்சில், பேட்டரி கேபிள் வந்து சேரும் தடித்த போல்ட்டைப் பாருங்கள். பல ஜீப்புகளில் அதே நட்டுக்கு அடியில் இன்னும் இரண்டு ஒயர் இருக்கும், ஒன்று ஆல்டர்நேட்டரில் இருந்து வருவது, இன்னொன்று ஃப்யூஸ் பாக்ஸுக்குப் போவது. சில வண்டியில் இவை பேட்டரி கிளாம்ப்பிலேயே இருக்கும். சூட்சுமமே இங்கேதான். இந்த இரண்டையும் சேர்த்துக் கழற்றி ஷண்டின் ஒரு முனைக்குக் கொண்டுபோங்கள், ஷண்டின் மறுமுனையில் இருந்து புதிதாக ஒரு 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் அந்த போல்ட்டுக்கு வரட்டும். ஆல்டர்நேட்டர் ஒயரை மட்டும் மாற்றினால் அது எவ்வளவு தருகிறது என்று மட்டும் காட்டும், முள் மைனஸ் பக்கம் போகவே போகாது. ஃப்யூஸ் பாக்ஸ் ஒயரை மட்டும் மாற்றினால் செலவு மட்டும்தான் தெரியும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால்தான் பேட்டரிக்குள் போவதும் வருவதும் தெரியும்.

செல்ஃப் கேபிளை எக்காரணம் கொண்டும் ஷண்ட் வழியாக விடாதீர்கள், நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். குளிரில் ஸ்டார்ட் ஆக இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் ஒயரும் பேட்டரி பக்கமே இருக்கட்டும். புது ஒயரில் போல்ட்டுக்குப் பக்கத்திலேயே 60 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று. முனைகளுக்கு லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளைய முனை) போட்டு நன்றாக அழுத்திவிடுங்கள், வெறும் ஒயரை முறுக்கி டேப் சுற்றுகிற வேலை இங்கே வேண்டாம்.

ஷண்டில் பெரிய போல்ட் இரண்டும் சின்ன ஸ்க்ரூ இரண்டும் இருக்கும். மீட்டருக்குப் போகிற மெல்லிய ஒயர்களைச் சின்ன ஸ்க்ரூவில்தான் மாட்ட வேண்டும். பெரிய போல்ட்டிலேயே சேர்த்து மாட்டினால் லக்கில் இருக்கும் துருவையும் அழுக்கையும் சேர்த்து அளக்கும். ஒவ்வொரு மெல்லிய ஒயருக்கும் ஷண்ட் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள், தகரத்தில் ஓட்டை போட்டு உள்ளே கொண்டுபோகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம்.

நெகட்டிவை மாட்டிவிட்டு, இன்ஜின் அணைந்திருக்கும்போதே ஹெட்லைட்டில் ஹை பீம் போடுங்கள். 60 வாட் பல்பு இரண்டு, அதாவது சுமார் 10 ஆம்பியர், முள் மைனஸ் பக்கம் அந்த அளவு சாய வேண்டும். பிளஸ் பக்கம் சாய்ந்தால் மெல்லிய ஒயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஸ்டார்ட் செய்ததும் பிளஸ்ஸில் நன்றாக ஏறி, ஓட ஓட பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வெகுநேரம் ஏறியே நின்றால் பேட்டரியையும், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் பாருங்கள்.

மூடுபனியில் ஹெட்லைட், ஃபாக் லைட், வைப்பர் எல்லாம் போட்டு ஐடிலில் நின்றால் கொஞ்சம் மைனஸ் காட்டும், பயப்பட வேண்டாம். இரண்டாவது கியரில் இறங்கும்போது இன்ஜின் சுற்று ஏறி தானாகப் பிளஸ்ஸுக்கு வந்துவிடும். அப்போதும் வரவில்லை என்றால் பெல்ட்டைப் பாருங்கள், அடுத்தது ஆல்டர்நேட்டருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ்.

போல்ட் எல்லாவற்றிலும் ஸ்பிரிங் வாஷர் போடுங்கள். எங்கள் ரோட்டுக்கு அதுவும் போதாது, ஒரு வாரம் ஓட்டியபின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன், ஷண்டில் ஒரு நட் கால் சுற்று இறுகியது.