மீன் ஏணி இருந்தும் சால்மன் ஏறாதது ஏன்? வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் ஏணி என்பது அணையைத் தாண்டி மீன் மேலே ஏற, படிப்படியாக அமைத்த நீர்த்தொட்டிகளின் வரிசை. மீன் நுழையும் கீழ்முனை கீழ்வாய், வெளியேறும் மேல்முனை மேல்வாய். கான்கிரீட் தரம், பக்கச்சுவர் உயரம் எல்லாம் எந்தப் பொறியாளரும் பார்த்துக்கொள்வார். மீன் ஏணியைப் புதிதாக வரைபவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்குவது வேறு இடங்களில்.

கீழ்வாயைத் தள்ளி வைப்பது

இதைவிடப் பெரிய தவறு கிடையாது. இன்றும் வரைபடத்தில் இதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. சரிவைக் குறைக்க ஏணியை நீட்டி, அதன் வாயை அணைக்கு ஐம்பது அறுபது மீட்டர் கீழே கொண்டுபோய் விடுகிறார்கள். கணக்கெல்லாம் சரியாக வரும், மீன் மட்டும் வராது.

சால்மன் ஏணியைத் தேடி வருவதில்லை. ஓட்டத்தை எதிர்த்து, மேலே போக முடிகிற கடைசி இடம் வரை போய் அணையின் அடியில் முட்டி நிற்கும். பின்னால் எங்கோ கரையோரம் ஒரு மெல்லிய ஓட்டம் கலப்பது அதற்குத் தெரியாது. கடலை விட்டு ஆற்றுக்குள் ஏறிய பின் அது இரை எடுப்பதும் இல்லை. உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்தே முட்டையிடும் இடம்வரை போய்ச் சேர வேண்டும். முட்டி மோதிக் கழியும் ஒவ்வொரு நாளும் அந்தக் கையிருப்பைத்தான் தின்கிறது.

தாமதம் என்ன செய்யும் என்பதை கனடாவின் ஃபிரேசர் ஆறு காட்டியது. அங்கே ஹெல்ஸ் கேட் இடுக்கில் 1914இல் ரயில்பாதை வேலையின்போது பாறை சரிந்தது. அணை எதுவும் இல்லை, ஓட்டத்தின் வேகம்தான் கூடியது. அதற்கே சாக்கை சால்மன் கூட்டம் கூட்டமாகத் தேங்கி, முட்டையிடாமல் செத்தது. 1940களின் நடுவில்தான் அங்கே மீன்வழிகள் வந்தன. ஆற்றுமட்டம் வெகுவாக ஏறி இறங்கும் இடம் என்பதால், தொட்டிகளுக்கு இடையிலான தடுப்புகளில் மேலிருந்து அடிவரை திறந்த செங்குத்துப் பிளவுகள் வைத்தார்கள்.

ஆகவே ஓட்டம் குறைவான நாள், நடுத்தரமான நாள், வெள்ள நாள் என மூன்றிலும் மீன் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வரையுங்கள். நிற்கும் இடம் மாறினால் இரண்டு வாய் வையுங்கள். ஏணி நீண்டால் மடித்துத் திருப்பி, வாயை அணையடிக்கே கொண்டுவாருங்கள். வாயிலிருந்து பாயும் நீர் ஆற்றோட்டத்தில் கரைந்துபோகக் கூடாது. ஏணியின் நீர் போதாதபோது, துணைக்குழாயில் கூடுதல் நீரைக் கொண்டுவந்து கம்பிச்சட்டத்தின் வழியே வாயருகே மெதுவாகச் சேர்க்கலாம்.

தொட்டியைச் சுருக்குவது

படிக்கு 30 செ.மீ. நீர்மட்ட வீழ்ச்சி என்றால் பிளவில் வேகம் நொடிக்குச் சுமார் 2.4 மீட்டர். வளர்ந்த சால்மன் அதை ஒரே பாய்ச்சலில் கடந்துவிடும், ஆனால் அடுத்த தொட்டியில் அது இளைப்பாற வேண்டும். நொடிக்கு 0.5 கனமீட்டர் ஓடினால் சுமார் 1,470 வாட் ஆற்றல் தொட்டிக்குள் கொட்டுகிறது. நீர் கொந்தளிக்காமலிருக்க அந்த ஆற்றல் கனமீட்டருக்கு 200 வாட்டைத் தாண்டக் கூடாது; அதற்குத் தொட்டியில் 7.4 கனமீட்டர் நீர் நிற்க வேண்டும். இடமில்லை என்று 4 கனமீட்டராகக் குறைத்தால் தொட்டி முழுக்க நுரைதான். நுரையில் வாலுக்குப் பிடிமானம் இருக்காது.

எல்லா சால்மனும் குதிக்கும் என நம்புவது

பிங்க், சம் என்ற இரண்டு சால்மன் வகைகளும் குதிப்பதில் பின்தங்கியவை. பிளவோ அடித்துளையோ வையுங்கள்.

மேல்வாயைக் கலிங்குக்குப் பக்கத்தில் வைப்பது

ஏறிய மீன் வழிந்தோடும் நீரோடு திரும்பக் கீழே போகும்.

குப்பையை மறப்பது

பிளவில் ஒரு கிளை சிக்கினாலே அந்தப் படி ஏற முடியாததாகிவிடும். ஏறும் பருவத்தில் தினமும் ஒவ்வொரு தொட்டியின் நீர்மட்டத்தையும் அளவுகோலில் பாருங்கள். மற்ற படிகளில் வீழ்ச்சி 30 செ.மீ. இருக்க, ஒன்றில் மட்டும் 45 காட்டினால், அந்தப் பிளவில்தான் அடைப்பு.