ஐப்பசி, கார்த்திகையில் செங்கோட்டைப் பக்கம் செல்வோருக்கு

வெளிநாட்டில் வாழும் நம்மவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்துத்தான் ஊருக்குப் போகிறார்கள். அதனால் சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் குற்றாலத்தைப் பார்த்திருப்பார்கள். இல்லையென்றால் மார்கழிக் கடைசியில் போய்ப் பொங்கலோடு திரும்பியிருப்பார்கள். தென்காசி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஆரியங்காவுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் கிடக்கும் செங்கோட்டை, புளியரை, பண்பொழி, வடகரை, மேக்கரை முதலிய ஊர்களை அவற்றின் உண்மையான கோலத்தில் காண வேண்டுமானால், ஐப்பசிப் பிற்பாதியிலிருந்து கார்த்திகை நடு வரைக்குமான நாள்களில், அதாவது நவம்பர் மாதத்தை ஒட்டிப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அப்படிப் போகிறவர்கள் பயணச்சீட்டு வாங்கும் முன்பே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நமக்கு அது விடுமுறை. நம்மை வரவேற்கும் வீட்டாருக்கு அது ஆண்டிலேயே நெருக்கடியான வேலைக்காலம்.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில் முன்கூட்டிச் சொல்லாமல் போய் இறங்கி, மறுநாளே சொந்தக்காரர்கள் எல்லாரையும் ஒரு வேனில் ஏற்றிக் குற்றாலத்துக்கும் பண்பொழி மலைமேல் உள்ள திருமலைக்கோவிலுக்கும் அழைத்துப் போக ஏற்பாடு செய்துவிட்டேன். சித்தப்பா மறுக்கவில்லை, வந்தவன் முகம் வாடக்கூடாது என்று வேட்டி மாற்றிக்கொண்டு முன் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். அன்றுதான் அவருடைய வயலுக்கு நடவு குறித்திருந்தார்கள் என்பதையும், நாற்றைப் பறித்து முடிகளாக, அதாவது சிறு கட்டுகளாகக் கட்டி வைத்தாகிவிட்டது என்பதையும், அந்த நாளை விட்டால் நடவு ஆட்கள் அடுத்த வயலுக்குப் போய்விடுவார்கள் என்பதையும் இரவில் சித்திதான் சொன்னார். மறுபடி ஆள் கிடைக்க ஐந்து நாள் ஆயிற்று. அதற்குள் முடிகள் வரப்போரத்தில் கிடந்து அழுகிவிட, வேறொருவரிடம் மிச்ச நாற்றைக் கேட்டு வாங்கி நட்டார்கள். என்னிடம் ஒருவரும் ஒரு சொல் குறை சொல்லவில்லை.

ஆகவே போகும் முன் தொலைபேசியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "நாத்துப் பாவியாச்சா?" என்பதே. இங்கே நெல் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் விளையும். தென்மேற்குப் பருவமழையை நம்பி ஆனியை ஒட்டி நடுவது கார். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசி, கார்த்திகையில் நட்டுத் தை, மாசியில் அறுப்பது பிசானம். நாற்றங்காலில் விதை தூவுவதைத்தான் நாற்றுப் பாவுதல் என்கிறார்கள். பாவிய நாளிலிருந்து ஏறத்தாழ 25 நாள் எண்ணினால் நடவு எந்த வாரத்தில் விழும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். விமானச்சீட்டை அவ்வளவு பொறுத்து வாங்க முடியாதுதான். ஆனாலும் நடவு வாரம் தெரிந்துவிட்டால், உறவினரை வெளியே அழைத்துப் போகும் நாள்களை அதற்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளலாம். மழை தள்ளிப்போனால் நடவும் தள்ளிப்போகும். நாளிதழ்களில் வரும் அணை நீர்மட்டப் பட்டியலை இந்த ஊர்க்காரர்கள் அன்றாடம் பார்ப்பது அதனால்தான். குண்டாறு 36 அடிதான், சிறிய அணை, சீக்கிரம் நிரம்பி வழிந்துவிடும். மேக்கரையில் உள்ள அடவிநயினார் 132 அடி, அது நிரம்ப நல்ல மழை வேண்டும். அந்த எண்களை நீங்களும் பார்த்துக்கொண்டு போனால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் பேச்சில் கலந்துவிடலாம்.

போய்ச் சேர இரண்டு வழிகள் வசதியானவை. திருவனந்தபுரத்தில் இறங்கினால் பாலோடு, குளத்துப்புழை, தென்மலை வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்; மதுரையில் இறங்கினால் ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நேரம் இருப்பவர்கள் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்குப் பகல் ரயிலில் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். 1904இல் திறக்கப்பட்ட அந்த மலைப்பாதை, அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018இல் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. கழுதுருட்டி அருகே உள்ள பதின்மூன்று கண் பாலத்தையும் குகைகளையும் கடந்து, மலை சட்டென்று விலகி, கீழே வயல்வெளி விரியும் அந்த ஒரு காட்சிக்காகவே ஊர் திரும்பலாம். ஆனால் இது மழைக்காலம் என்பதை மறக்கக்கூடாது. 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, பயணிகள் இரண்டு நாள் அங்கேயே தவித்தார்கள். ஊரிலிருந்து கிளம்பும் நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் இடையே இரண்டு நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை முதல் தேதியிலிருந்து சபரிமலைக்குச் செல்வோரின் வாகனங்கள் புளியரை வழியாக வரிசை கட்டும் என்பதால், அதன் பிறகு திருவனந்தபுரத்துக்குக் காரில் போகிறவர்கள் விடியும் முன்பே புறப்படுவது நல்லது.

ஐப்பசி மழைக்கு ஒரு நேரம் உண்டு. காலையில் மலை கழுவித் துடைத்தாற்போல் தெளிவாக இருக்கும்; உச்சிவெயில் சுள்ளென்று அடிக்கும்; மூன்று மணிக்கு மேல் இடி இடித்துக் கொட்டித் தீர்க்கும். கணவாய்க்கு அப்பால், கேரளத்தில், இதே மழையை ஐப்பசிக்கு இணையான துலா மாதத்தின் பெயரால் துலாவர்ஷம் என்கிறார்கள். எனவே பார்க்க வேண்டியவை, நடக்க வேண்டியவை எல்லாவற்றையும் நண்பகலுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இடி இடிக்கும்போது தென்னந்தோப்பிலும் வெட்டவெளி வரப்பிலும் நிற்கவே கூடாது. குற்றாலத்தில் அருவி நீர் கலங்கலாக மாறினாலோ, குளிக்கத் தடை என்று சொல்லியிருந்தாலோ, அதற்கு மேல் வாதம் வேண்டாம். மலைக்கு மேலே பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

நடவு வயலைப் பார்க்க விரும்புகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் வரப்பில் இருக்க வேண்டும். அதற்கு முன்பே தொழியடித்து (தண்ணீர் நிறுத்திச் சேறாக்கி), பரம்புப் பலகை இழுத்துச் சமன்செய்து, வயல் கண்ணாடி போலக் கிடக்கும். வரப்பில் சாணிப் பிள்ளையார் பிடித்து அருகம்புல் செருகி, குலவையிட்டு முதல் நாற்றை ஊன்றுவது சில வயல்களில் இன்னும் இருக்கிறது. பிறகு அருகில் நின்று கைகளை மட்டும் கவனியுங்கள். இடது கையில் முடியை அணைத்துப் பிடித்திருப்பார்கள். அந்தக் கையின் பெருவிரலே இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து வலது கைக்குத் தள்ளும். வலது கை அதை வாங்கி, விரல் நுனியால் வேரைச் சேற்றுக்குள் அழுத்தி, அடுத்ததை வாங்கத் திரும்பி வந்துவிடும். ஆழமாக ஊன்றினால் பயிர் கிளைத்துத் தூர் கட்டாது. மேலாக வைத்தால் மாலை மழையில் மிதந்துவிடும். அந்த அளவு அவர்கள் விரலில் இருக்கிறது. குனிந்த முதுகு நிமிராமல், பேச்சும் நிற்காமல், பின்னோக்கியே நகர்ந்துகொண்டிருப்பார்கள். சில வயல்களில் இப்போது இயந்திரம் நடுகிறது. சில இடங்களில் வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் நடுகிறார்கள். அதையும் பிள்ளைகளுக்கு உள்ளபடியே சொல்லுங்கள்.

பிள்ளைகள் சேற்றில் இறங்க ஆசைப்படுவார்கள். வயல்காரரிடம் மட்டுமல்லாமல், நடுகிறவர்களிடமும் கேட்டுவிட்டு, ஓர் ஓரத்தில் கால் மணி நேரம் இறங்கவிடுங்கள். காலில் சிறு கீறல் இருந்தாலும் இறங்கக் கூடாது. எலிக்காய்ச்சல் இப்படிப்பட்ட தண்ணீரில்தான் பரவும். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், வயலில் இறங்கியதையும் கொசுக்கடியையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். படம் எடுப்பதற்கும் கேட்க வேண்டும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் வேலை செய்யும் பெண்களை அவர்கள் அறியாமல் படமெடுத்துப் பரப்புவது, எவ்வளவு அன்போடு செய்தாலும் தவறு. பதினொரு மணி வாக்கில் வயலுக்குக் காப்பியும் வடையும் வரும். அன்றைய செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வதாக முன்னதாகவே சொல்லிவிட்டால், அதைவிடப் பொருத்தமான அன்பளிப்பு வேறில்லை.

முறை வைத்து அழைப்பதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இங்கே வழியில் பார்க்கும் பெரியவரை அண்ணாச்சி என்றும், பெண்களை அக்கா, மதினி என்றும், மூத்தவர்களை ஆச்சி, தாத்தா என்றும் அழைப்பது வழக்கம். ஆனால் வயல்வேலைக்கு வருகிறவர்களை, அவர்கள் தம்மைவிட வயதில் மூத்தவர்களாக இருந்தாலும், பெயர் சொல்லி ஒருமையில் விளிக்கும் பழைய வழக்கம் சில வீடுகளில் இன்னும் போகவில்லை. உங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு அப்படியே சொல்லக்கூடும். நடுகிற அம்மாவையும் அக்கா, பெரியம்மா என்றே அழைக்க வேண்டும் என்று போகும் முன்பே அவர்களுக்குச் சொல்லி அழைத்துப் போங்கள்.

வீட்டில் தங்கும்போது, விருந்துச் சமையல் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவது சித்திக்கும் மதினிக்கும் செய்யும் பேருதவி. வயலுக்குப் போய் வந்தவர்கள் மறுபடி அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கும். உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும், இரவுக்குக் கஞ்சியும் சுட்ட அப்பளமும் என்று அவர்கள் உண்பதையே உண்ணுங்கள். மழைக்கு அதுதான் ருசி. நாட்டுக்கோழியும் பரோட்டாவும் வேண்டுமென்றால் ஒரு மாலையில் எல்லாரையும் பிரானூர் பார்டருக்கு அழைத்துப் போகலாம். கேரள எல்லை இன்னும் மேற்கே இருக்க, இந்த இடத்துக்கு ஏன் பார்டர் என்று பெயர் என்று பிள்ளைகள் கேட்பார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூரின் எல்லை இங்கேதான் இருந்தது. அந்தப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஊருக்குக் கொண்டுபோகும் பொருள்களில் மிட்டாயைக் குறைத்து, நல்ல மழைக்கோட்டு, நெற்றியில் கட்டும் விளக்கு, முதுகுவலித் தைலம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை அன்றே பயன்படும்.

அந்த விளக்கு உங்களுக்கும் வேண்டும். வடகரை, பண்பொழி, மேக்கரைப் பக்கத்துத் தோப்புகளில் யானை இறங்குவது புதிதல்ல; ஒரே இரவில் தென்னையும் வாழையும் சாய்ந்துவிடும். இருட்டிய பின் மலையடிவாரத் தோப்புப் பக்கம் நடக்கவே வேண்டாம். மழைக்காலத்தில் பாம்பும் வரப்பை விட்டு மேட்டுக்கு ஏறும். முற்றத்துக்குப் போனாலும் வெளிச்சத்தோடு போக வேண்டும்.

கார்த்திகைத் தீபத்துக்கு இருந்தால் சொக்கப்பனை கொளுத்துவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். ஐப்பசியில் தென்காசி உலகம்மனுக்குத் திருக்கல்யாணம். கந்த சஷ்டிக்குத் திருமலைக்கோவிலிலும் இலஞ்சியிலும் கூட்டம் இருக்கும்.

நிலம் சம்பந்தமான வேலையை இதே பயணத்தில் முடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களும் இந்தியாவில் விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வருவதை வைத்துக்கொள்ளலாம். விற்பதாக இருந்தால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும். பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை இணையத்திலேயே பார்த்துவிட்டுப் போனால் பாதி அலைச்சல் குறையும். செங்கோட்டைப் பழைய பத்திரங்களில், திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு இருக்கும்; அதனோடு 824 கூட்டினால், அந்தக் கொல்லம் ஆண்டு ஆவணியில் தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1115 என்று இருந்தால் அது 1939 ஆவணியிலிருந்து 1940 ஆடி வரை. மலையாள எழுத்தில் இருந்தால், படிக்கத் தெரிந்த மூத்தவர் ஊரில் இருக்கும்போதே படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் அவர்களுக்கு வேலை இல்லாத மழை மாலைகளே உகந்தவை.

இந்திய விசாவில் வரும் வெளிநாட்டுக் குடிமக்கள் உறவினர் வீட்டில் தங்கினாலும், அவ்வீட்டார் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் பொறுப்பை வயதானவர் தலையில் போடாமல் நீங்களே உடனிருந்து முடித்துக்கொடுங்கள். சிங்கப்பூர், இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட சில நாடுகளின் கைப்பேசி எண்ணை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கோடு இணைத்திருப்பவர்கள் யு.பி.ஐ.யைப் பயன்படுத்த முடியும். ஆனாலும் மழையில் மின்சாரமும் சிக்னலும் போகும் என்பதால் சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், வயலுக்குப் போட்டுப் போன செருப்பையும் காலணியையும் பம்புசெட்டுத் தொட்டியில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குத் திரும்புகிறவர்கள் விவசாய நிலத்துக்குப் போய் வந்ததை வருகைப் படிவத்தில் எழுதியே தீர வேண்டும். அடியில் ஒட்டிய மண்ணுக்கும் அங்கே கேள்வி உண்டு. ஆச்சி ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் விதைநெல்லையும் கறிவேப்பிலைக் கன்றையும் எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது என்பதை, விமான நிலையத்தில் எறிந்துவிட்டுப் போவதைவிட, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து எடுத்துச் சொல்லிவிடுங்கள். அந்தக் கன்றை அவர் கிணற்றடியில் உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லி நட்டுவைப்பார்.