காமிக்ஸ் சந்தா கட்டும் முன்: ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்வது

ஈரோட்டில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வில்லங்கச் சான்று, ஆதார் என்று நாள் முழுக்க அடுத்தவர் காகிதம்தான். மாதத்தில் ஒரு நாள் மட்டும் எனக்கென்று ஒரு அட்டைப் பெட்டி வரும். சிவகாசியிலிருந்து அந்த மாதத்து லயன், முத்து காமிக்ஸ். "இந்த வயசுலயும் பொம்மை புக்குங்களா?" என்று வக்கீல் குமாஸ்தா ஒருவர் ரொம்ப வருஷமாகக் கேலி பண்ணிக்கொண்டிருந்தார். போன மாதம் அவரே எட்டாவது படிக்கும் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து, "ஏனுங்க, இவனுக்கு எதுல ஆரம்பிக்கறதுன்னு கொஞ்சம் சொல்லுங்க" என்றார். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் சந்தா எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். 1984இல் லயனும் ராணி காமிக்ஸும் ஆரம்பித்த காலத்தில் பெட்டிக்கடைக் கயிற்றில் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் காமிக்ஸ் தொங்கும். முத்து காமிக்ஸ் அதற்கும் 12 வருஷம் மூத்தது. ராணி 500 இதழ்களோடு 2005இல் நின்றுபோனது. பெட்டிக்கடைக் கயிற்றில் இப்போது ஷாம்பு பாக்கெட்தான் தொங்குகிறது. புத்தகம் அச்சாகும் எண்ணிக்கை குறைவு, விற்கும் கடைகளும் குறைவு. அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்ட புத்தகம் பிறகு கிடைக்காமலே போகலாம். எத்தனை பேர் முன்கூட்டியே பணம் கட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் பதிப்பகமும் வெளிநாட்டு உரிமைத் தொகை கட்டி, தைரியமாக ஒரு குண்டு புக் போட முடியும்.

அதற்காக முதல் வருஷமே எல்லாப் பிரிவுக்கும் பணம் கட்டிவிடாதீர்கள். அடுத்த ஆண்டு என்னென்ன வரப்போகிறது என்ற அட்டவணையை முன்பே அறிவித்துவிடுவார்கள். டெக்ஸ் என்கிற கௌபாய் வீரரின் கதைகள் ஒரு பக்கம், கார்ட்டூன் ஒரு பக்கம், கிராபிக் நாவல் ஒரு பக்கம் என்று இருக்கும். பிரிவுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அட்டவணையைப் பார்ப்பதற்கு முன் தனி இதழ்களாக ஒரு நாலு வாங்குங்கள். டெக்ஸ் வில்லர் ஒன்று, சிரிப்புக் கௌபாய் லக்கி லூக் ஒன்று, மும்மூர்த்திகள் என்று நாங்கள் சொல்லும் பழைய வீரர்களில் (இரும்புக்கை மாயாவி, லாரன்ஸ்-டேவிட் ஜோடி, ஜானி நீரோ) ஒருவர், கிராபிக் நாவல் ஒன்று. எதை ஒரே மூச்சில் முடித்தீர்களோ அந்தப் பிரிவுக்குக் கட்டுங்கள்.

என் கணக்கில் டெக்ஸ் பாதுகாப்பான தேர்வு. 1948இல் இத்தாலியில் பிறந்த ஆள், இன்னும் அங்கே மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறார். சரக்குக்குப் பஞ்சமே இல்லை. கறுப்பு வெள்ளையில் அந்தப் பாலைவனத்தைப் பார்த்துப் பழகிவிட்டால் வண்ணம் கேட்கத் தோன்றாது. லக்கி லூக் வீட்டில் எல்லோருக்கும் ஆகும். இரும்புக்கை மாயாவி விஷயத்தில் மட்டும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும்போது எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது. குமாஸ்தா பையன் அதே பக்கத்தைப் பார்த்து, "அப்ப சட்டை எப்படிங்க மறையுது?" என்று கேட்டான். 1962இல் இங்கிலாந்தில் ஆரம்பித்த கதையிடம் கேட்கிற கேள்வியா அது? மும்மூர்த்திகள் எல்லோருமே சிறுவயதில் அவர்களைப் படித்தவர்களுக்கான சொத்து. புதிதாக வருகிறவர் ருசி பார்க்க ஒன்று வாங்கிவிட்டு, மற்ற மறுபதிப்புகளைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

பணம் அனுப்புவதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அனுப்பிய கையோடு பெயர், முழு முகவரி, பின்கோடு, செல் நம்பர், எந்தச் சந்தா என்பதை எழுதி அனுப்புங்கள். வெறும் பணம் மட்டும் போய்ச் சேர்ந்தால் அது யார் பணம் என்று அங்கே தேடிக்கொண்டிருப்பார்கள். பகலில் வீடு பூட்டியிருக்கும் என்றால் கடை அல்லது ஆபீஸ் முகவரி கொடுங்கள். என் பெட்டி ஒன்றை ஒருமுறை கூரியர்காரர் கேட்டில் சொருகிவிட்டுப் போய்விட்டார். ஐப்பசி மாதம். சாயங்காலம் நான் எடுத்தபோது உள்ளே நாலு புத்தகமும் இட்லி மாதிரி உப்பியிருந்தன. அன்றிலிருந்து கடை முகவரிதான். கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தபால் கூரியரைவிட ஒரு நாள் தாமதமாக வந்தாலும் வீடு தேடி வந்துவிடும்.

பெட்டி வந்ததும் பிளேடு எடுக்காதீர்கள். 2012இல் லயன் ஆர்ட் பேப்பரும் வண்ணமுமாகத் திரும்பி வந்த காலம், எனக்கு அவசரம் தாங்கவில்லை. டேப்பை ஒரே இழுப்பில் கிழித்தேன். பிளேடு பெட்டியைத் தாண்டி உள்ளே போய், மேலே இருந்த புத்தகத்தின் அட்டையில் குதிரைக்காரனின் தொப்பியிலிருந்து முழங்கால் வரை நேர்கோடு போட்டுவிட்டது. தொப்பி இன்னும் இரண்டு துண்டாகத்தான் இருக்கிறது. டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பி உரியுங்கள், போதும்.

சரி, அட்டைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி.

தமிழ் காமிக்ஸ் அட்டைக்குத் தனி மதிப்பு ஏன் என்றால், கதை இத்தாலியோ பெல்ஜியமோ, அட்டை பல சமயம் சிவகாசியில் வரைந்தது. மாலையப்பன் போன்ற நம் ஓவியர்கள் தூரிகையால் தீட்டியவை. உள்ளே மெல்லிய கோட்டில் இருக்கும் வீரர் அட்டையில் சினிமா பேனர் நிறத்தில் நிற்பார். அந்த ஓவியம் வேறெந்த நாட்டுப் பதிப்பிலும் கிடையாது. அதனால்தான் பழைய இதழ் வாங்குகிறவர்கள் "அட்டை இருக்கா?" என்று முதலில் கேட்கிறார்கள். அட்டை இல்லாத பிரதி படிக்க உதவும், விலை பேச உதவாது.

இங்கேதான் என் தொழில் உள்ளே வருகிறது. சில வருஷம் முன் ஒருவர் பழைய முத்து காமிக்ஸ் அட்டை ஒன்றைக் கொண்டுவந்து, "என் புக்குக்கு அட்டை போயிருச்சுங்க, நண்பர்கிட்ட வாங்கிட்டு வந்தேன், கலர் ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க" என்றார். நல்ல தாளில் போட்டுக் கொடுத்தேன். நாலைந்து மாதம் கழித்து இன்னொரு நண்பர் ஒரு போட்டோவைக் காட்டினார். ஒரிஜினல் பிரதி, ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள், வாங்கலாமா என்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, மேலிருந்து கீழ்வரை தலைமுடி மாதிரி ஒரு கோடு. அப்போது என் மெஷினின் டிரம்மில் விழுந்திருந்த கீறல். அந்த மாதம் நான் போட்ட அத்தனை நகலிலும், யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகை உட்பட, அதே இடத்தில் அதே கோடு உண்டு. அன்றிலிருந்து பழைய அட்டையை யார் கொண்டுவந்தாலும் பின்பக்கம் 'நகல்' என்று முத்திரை குத்தித்தான் தருகிறேன். சிலர் முகம் சுளித்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும்.

எல்லா மெஷினும் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்காது. அதனால் நீங்களே பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். அட்டையில் மடிப்புக் கோடு தெரிகிறதா? கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியும் மடிப்பு விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் அது படமெடுக்கப்பட்ட மடிப்பு. அடுத்து ஸ்டேப்ளர் பின். பழைய இதழில் பின் துருப்பிடித்து, நடுப்பக்கத்தில் விழுந்த அதே பழுப்புக் கறை அட்டையின் உள்பக்கமும் இருக்க வேண்டும். நடுப்பக்கம் கறையாக இருந்து அட்டை மட்டும் சுத்தமாக இருந்தால் அது பின்னால் வந்து சேர்ந்த அட்டை. பூதக்கண்ணாடி கையில் இருந்தால் வண்ணத்தைப் பாருங்கள்: ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் வட்ட வட்டமாகக் கோலப்புள்ளி போல ஒழுங்காக நிற்கும். லேசர் நகலில் டோனர் தாளுக்கு மேலே படிந்து லேசாக மினுங்கும். முதுகு மடிப்பில் வெடித்து வெள்ளை தெரியும்.

பிறகு பக்கங்களை எண்ணுங்கள். கூச்சப்படாமல், விற்பவர் கண் முன்னாலேயே. நடுப்பக்கம் கழன்று விழுந்திருக்கும், பின்பக்கப் போட்டிக் கூப்பனை யாரோ வெட்டி அனுப்பியிருப்பார்கள். பைண்டு செய்த தொகுதி கிடைத்தால் இன்னும் கவனம். எண்பதுகளில் பத்து இதழைச் சேர்த்து காலிகோ போட்டு பைண்டு பண்ணுவதுதான் பாதுகாப்பு என்று நினைத்தோம். பைண்டர் மூன்று ஓரத்தையும் கத்தியில் கொடுத்துச் சமமாக வெட்டிவிடுவார். பேச்சுப் பலூனில் கடைசி எழுத்து போயிருக்கும். படிக்க வாங்கலாம், விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

வீட்டில் வைப்பதற்கு லேமினேஷன் வேண்டாம். லேமினேஷன் போட்டுப் பிழைக்கிற நானே சொல்கிறேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை மறுபடி உரிக்க முடியாது. கிழிசலுக்கு செலோ டேப்பும் கூடாது. பத்து வருஷத்தில் டேப் உதிர்ந்துவிடும், அதன் பசை மட்டும் மஞ்சளாகத் தங்கிவிடும். ஜவுளிக்கடையில் சட்டைக்குப் போடுகிற மொறுமொறுப்பான பிபி கவர் போதும், இங்கே ஈரோட்டில் அது கொள்ளை மலிவு. வழவழவென்று வாசமடிக்கிற பிவிசி கவர் ஆகாது. பழைய நியூஸ்பிரின்ட் தாளுக்கு வெயில்தான் முதல் எதிரி, ஈரம் அடுத்தது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து அலமாரியில் போடுங்கள். ராமபாணப் பூச்சி வரும்; மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தட்டி அடுக்குவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. மெல்லிய இதழ்களை நிற்க வையுங்கள், குண்டு புக்கைப் படுக்கப் போடுங்கள்.

சேர்த்துவைத்தால் நாளைக்கு விலை ஏறுமா என்று குமாஸ்தா கேட்டார். அமெரிக்காவில் 1991இல் எக்ஸ்மென் புது வரிசையின் முதல் இதழை ஐந்து விதமான அட்டைகளில் போட்டார்கள். 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. ஆளாளுக்கு ஐந்தையும் வாங்கிக் கவரில் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதை யார் யாரிடம் விற்பது? இன்றும் அது சல்லிசாகக் கிடைக்கிறது. பெட்டிக்கடையில் வாங்கி, படித்து, கிழித்து, எடைக்குப் போட்டு, அதில் தப்பித் தவறிப் பிழைத்த ஒன்றுதான் அருமையாகிறது. அதனால் பையனைக் கை கழுவிவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள், படிக்காதே என்று சொல்லாதீர்கள் என்றேன்.

கடைசியாக, கதையை உடைக்காமல் பேசுவது எப்படி. நம் நிலைமை கொஞ்சம் விசித்திரமானது. நமக்கு அடுத்த மாதம் வரப்போகும் திருப்பம் பெல்ஜியத்தில் முப்பது வருஷப் பழசாக இருக்கும். இரத்தப் படலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவிழந்து கரையொதுங்கும் ஒருவன், கழுத்தெலும்புக்கு அருகே ரோமன் எண்ணில் 13 என்று பச்சை குத்தியிருக்கும். அவன் யார்? 1984இல் அங்கே முதல் ஆல்பம். தமிழில் எண்பதுகளில் தொடங்கி விட்டு விட்டு வந்தது. 2010இல் பதினெட்டு பாகமும் ஒரே குண்டு புக்காகக் கைக்கு வந்தபோதுதான் நாங்கள் முழுசாகத் தெரிந்துகொண்டோம். கால்சட்டை போட்ட வயதில் கேட்ட கேள்விக்கு பிள்ளை பெற்றபிறகு பதில். இடையில் ஆங்கிலத்தில் படித்துவிட்ட ஒரு நண்பர் டீ குடிக்கும்போது சாதாரணமாக விடையைச் சொல்லிவிட்டார். அவரோடு ஒரு மாதம் பேசவில்லை.

அதனால் எங்கள் கடை வட்டாரத்தில் ஒரு வழக்கம். பெட்டி வந்து பத்து நாள் வரை கதையின் முடிவைப் பற்றி மூச்சு விடக்கூடாது, எல்லா ஊருக்கும் போய்ச் சேர அவ்வளவு நாள் ஆகும். யூகிப்பதற்குத் தடையில்லை, ஆனால் ஒரிஜினலைப் படித்தவர் யூகிப்பது போல நடிக்கக் கூடாது. வீரரின் பெயரை இணையத்தில் தேடாதீர்கள். கேப்டன் டைகரின் அசல் பெயர் புளூபெரி என்று தெரிந்துகொண்ட நிமிடத்திலேயே உங்களுக்கு ஆபத்து ஆரம்பம். அட்டவணையில் அடுத்த பாகத்தின் தலைப்பும் சில சமயம் விஷயத்தைக் கக்கிவிடும், அதைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள்.

அப்புறம், யூகத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒருபக்கம் வீணான ஏ4 தாளுக்குக் குறைவில்லை. தொடர்கதை ஆரம்பிக்கும்போது ஆளுக்கொரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, முத்திரை மை டப்பா இருக்கும் டிராயரில் போட்டுவிடுவோம். கடைசிப் பாகம் முடிந்த அன்றைக்குப் பிரிப்போம்.

குமாஸ்தா பையனுக்கு என் இரத்தப் படலத்தைத்தான் கடையிலேயே உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதல் பாகம் முடிந்ததுமே கவர் கொடுத்துவிட்டான். நேற்று ஐந்தாம் பாகம் முடித்துவிட்டு எழுந்து வந்தான். "அங்கிள், அந்தக் கவரை மாத்தி எழுதிக்கட்டுங்களா?"

"பழசு அங்கேயே இருக்கும். வேணும்னா இன்னொன்னு எழுதிப் போடு. கவர் ரெண்டு ரூபாய்" என்றேன்.

சட்டைப் பையில் துழாவினான்.