கரட்டுக் காட்டைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு கரடு வந்துவிடும். நாகமலை, பசுமலை, யானைமலை, அரிட்டாபட்டி, அப்புறம் வடக்கே அழகர்மலை, சிறுமலை. செடி கணக்கெடுக்க மாணவர்கள் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் மரம் நடும் குழுக்கள் போகின்றன. பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றோடுதான் இறங்கி வருகிறார்கள். "ஆடு மேய்ந்தே காடு அழிந்துவிட்டது" என்பது ஒன்று. "இது பாறைக் காடு, இங்கே இவ்வளவுதான் முளைக்கும்" என்பது இன்னொன்று. முதல் முடிவு இடையூற்றை மட்டும் பார்க்கிறது. மேய்ச்சல், வெட்டு, தீ, தோண்டல் எல்லாம் அதில் அடங்கும். இரண்டாவது மண்ணை மட்டும் பார்க்கிறது. ஒரு காட்டில் எந்தச் செடி நிற்கிறது, எது நிற்கவில்லை என்பதை இந்த இரண்டும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. அவற்றைப் பிரித்துப் படிப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

அடிவாரத்தையும் உச்சியையும் அப்படியே ஒப்பிடுவது

எனக்குத் தெரிந்து அதிகம் நடக்கும் தவறு இதுதான். அடிவாரத்தில் சில சதுரங்கள், மேல் சரிவில் சில சதுரங்கள் தரையில் அளந்து போட்டு, அவற்றுக்குள் நிற்கும் செடிகளை எண்ணுவார்கள். கீழே இனங்கள் குறைவு, மேலே அதிகம் என்று வரும். கீழே ஆடு அதிகம், ஆகவே ஆடுதான் காரணம் என்று அறிக்கை முடிந்துவிடும்.

ஆனால் ஆடு கண்ணை மூடிக்கொண்டு மேய்வதில்லை. ஊருக்கும் கண்மாய்க்கும் பக்கமான, சரிவு குறைந்த இடத்தில்தான் மந்தை நிற்கும். மழை கரைத்துக் கொண்டுவரும் மண் வந்து சேர்வதும் அதே இடம்தான். அதனால் ஆழமான மண்ணும் அதிக மேய்ச்சலும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகின்றன. மேலே போகப் போக மண் மெலிகிறது, சரளை கூடுகிறது, கத்தியும் ஆடும் குறைகின்றன. இரண்டும் ஒன்றாகவே மாறும்போது எது எதைச் செய்தது என்று வெறும் எண்ணிக்கை சொல்லாது.

இதைப் பிரிக்க ஒரே வழி, வழக்கத்துக்கு மாறான இடங்களைத் தேடிப் போவது. ஊரை ஒட்டியே இருக்கும், ஆனால் மண் மெலிந்த பாறைச் சரிவு ஒன்று வேண்டும். மண் ஆழமாக இருந்தும் கத்தி படாத இடம் ஒன்று வேண்டும். இரண்டாவது வகைக்கு நம் பக்கத்தில் கோயில் காடுகள் இருக்கின்றன என்பது பெரிய கொடுப்பினை. இடையபட்டி வெள்ளிமலைக் கோயில் காடு ஒன்று. அழகர்மலைக் காப்புக்காட்டை ஒட்டி, திண்டுக்கல் மாவட்ட எல்லைக்குள் காசம்பட்டி வீரகோயில் காடு இருக்கிறது. அது வெறும் 4.97 ஹெக்டேர்தான், 2025இல் அதைப் பல்லுயிர் மரபுத் தலமாக, அதாவது உயிரின வளத்துக்காகச் சட்டப்படி காக்கப்படும் இடமாக அரசு அறிவித்தது.

அங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு. நிழலும் ஈரமும் ஏற்கெனவே இருந்த இடமாகப் பார்த்துத்தான் முன்னோர்கள் சாமியை வைத்திருக்கலாம். அப்படியானால் அந்தக் காட்டின் செழிப்பு முழுவதும் பாதுகாப்பால் வந்தது என்று சொல்ல முடியாது. கோயில் காட்டு மண்ணின் ஆழத்தையும் வெளியே உள்ள மண்ணின் ஆழத்தையும் அளந்து, ஒத்துவரும் இடங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

செடிகளின் வயது வரிசையும் துப்பு தரும். பெரிய மரங்கள் நிற்கின்றன, மழைக்குப் பின் நாற்றுகளும் இருக்கின்றன, நடுவயதில் மட்டும் ஒன்றுமே இல்லை என்றால் மேய்ச்சலையோ வெட்டையோ சந்தேகிக்கலாம். எல்லா வயதிலும் செடிகள் இருந்து, அவை குட்டையாகவும் இடைவெளி விட்டும் நின்றால் பெரும்பாலும் மண்ணும் நீரும்தான் கட்டுப்படுத்துகின்றன. விராலியும் ஆவாரையும் மட்டும் மண்டிக் கிடந்தால் உடனே "மேய்ச்சல்" என்று எழுதிவிடக் கூடாது. ஆடு மாடு அவற்றை அவ்வளவாகத் தொடாது என்பது உண்மை. மெலிந்த சரளை மண்ணையும் அவை தாங்கும் என்பதும் உண்மை. பக்கத்தில் இருக்கும் உசிலையும் சூரையும் கடிபட்டுக் கடிபட்டுத் தரையோடு குறுகிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். சாட்சி அங்கேதான் இருக்கும்.

முள்காட்டைக் கெட்டுப்போன காடாக எண்ணுவது

மதுரையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் மழை. அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். அதன்பின் நீண்ட வறட்சி. கரட்டில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை. இந்த நிலையில் உசிலை, வெள்வேல், கிளுவை, காரை, விடத்தலை, சதுரக்கள்ளி, நடுநடுவே புல் என்று நிற்பதுதான் முழுமையான காடாக இருக்கக்கூடும். வனவியலாளர்கள் சாம்பியனும் சேத்தும் 1968இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது முள்காட்டுக்குத் தனி இடமே கொடுத்தார்கள்.

வெட்டும் மேய்ச்சலும் முள்காட்டை உருவாக்கிய இடங்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் எது எது என்று பார்க்காமலேயே குழி தோண்டி, புல்லையும் கிளுவையையும் வழித்துவிட்டு, புங்கன் கன்றும் மகாகனிக் கன்றும் நடுகிறோம். நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாறைக்கு மேல் ஒரு சாண் மண்ணில் கோடையைத் தாண்ட அந்தக் கன்றுகளால் பெரும்பாலும் முடியாது. தோண்டிய குழியைச் சுற்றி இளகிய மண் முதல் பெருமழையில் சரிவில் இறங்கிவிடும். அது சேர எத்தனை தலைமுறை ஆனதோ! கன்று நடும் முன் ஒரு கடப்பாரையால் பத்து இடத்தில் குத்திப் பாருங்கள். எங்கும் "டங்" என்று கேட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு ஓடைக்கரையைத் தேடுங்கள்.

எல்லா இடையூறும் ஒன்றே என்று சேர்த்து எழுதுவது

அறிக்கைகளில் "மனிதத் தலையீடு: அதிகம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். விறகு வெட்டும், கல் குவாரியும் ஒரே பெட்டிக்குள் போய்விடும். விறகு வெட்டினால் தண்டு போகும், வேரும் மண்ணும் மிஞ்சும். உசிலையும் வெப்பாலையும் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும். தீயும் ஏறக்குறைய இந்த வகைதான். வேகமாக ஓடும் புல் தீயின் சூடு மண்ணுக்குள் சில சென்டிமீட்டருக்குக் கீழே அவ்வளவாக இறங்காது. முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டில், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த ஒவ்வொரு தண்டையும் அடையாளமிட்டு இந்திய அறிவியல் கழகத்தினர் தொடர்ந்து வருகிறார்கள். சிறு தண்டுகளைத் தீ கருக்குவதும், பின் பல செடிகள் வேரிலிருந்து கிளம்புவதும் அங்கே ஆண்டுக்கணக்கில் பதிவாகியிருக்கின்றன.

ஆனால் தீ திரும்பத் திரும்ப வந்தால் கதை மாறும். எரியும்போது இலைச்சருகில் இருந்த நைட்ரஜனில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். பாஸ்பரஸும் பொட்டாசியமும் சாம்பலில் தங்கும், ஆனால் மூடாக்கு இல்லாத சரிவில் அடுத்த மழை அதை அள்ளிக்கொண்டு போகும். இப்படித்தான் இடையூறு மெல்ல மெல்ல மண்ணையே மாற்றுகிறது.

சவுடு அள்ளுவதும் குவாரியும் முற்றிலும் வேறு. அங்கே மண்ணும், அதிலிருந்த விதையும், வேரும், பூஞ்சையும் சேர்ந்தே போய்விடுகின்றன. காடு பாறையிலிருந்து தொடங்க வேண்டும். மனித ஆயுளுக்குள் அது முடியாது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியின் 193 ஹெக்டேரைச் சுரங்கத் திட்டத்திலிருந்து காப்பாற்ற மக்கள் ஏன் அப்படித் திரண்டார்கள் என்பது இந்த வேறுபாடு புரிந்தால் விளங்கும். ஆகவே அறிக்கையில் இடையூற்றின் வகை, எவ்வளவு கடுமை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, கடைசியாக எப்போது என்று நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். கடைசி இரண்டையும் ஊர்ப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆவாரம்பட்டை உரித்து தோல் பதனிடக் கொண்டுபோன காலம், கரிமூட்டம் போட்ட இடம் எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

"மிதமான இடையூறு நல்லது" என்பதை விதியாக்குவது

இடையூறு மிகக் குறைந்தாலும் மிக அதிகமானாலும் இனங்கள் குறையும், நடுவில்தான் அதிகம் என்று சூழலியலாளர் ஜோசப் கானல் 1978இல் எழுதினார். மழைக்காடுகளையும் பவளப்பாறைகளையும் வைத்து வந்த கருத்து அது. நம் ஊரில் மேய்ச்சலுக்கு ஆதரவாகவும் சிலர் அதை நீட்டுகிறார்கள். அடுத்த ஆண்டே, 1979இல், இன்னொரு சூழலியலாளர் மைக்கேல் ஹஸ்டன் ஒரு முக்கியமான திருத்தம் சொன்னார்: இடையூறின் விளைவு, செடிகள் எவ்வளவு வேகமாக வளர்ந்து மீள்கின்றன என்பதைப் பொறுத்தது. கரட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஓடைக்கரை வண்டல் மண்ணில் வெட்டுப்பட்ட செடி சீக்கிரம் எழுந்துவிடும். சரளையில் அதே செடி மீள்வதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். அதே மந்தை, அதே கத்தி. ஓரிடத்தில் மிதம், இன்னோரிடத்தில் அழிவு. மண்ணைச் சொல்லாமல் "மிதம்" என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை.

விவசாய மண் பரிசோதனையோடு நிறுத்திக்கொள்வது

வயலுக்கு எடுப்பதுபோல் 15 சென்டிமீட்டர் மேல் மண்ணை எடுத்து, தழை, மணி, சாம்பல் சத்து எண்களோடு திரும்பினால் கரடு புரியாது. இங்கே ஆழம், சரளை அளவு, நீர் பிடிக்கும் திறன், பாறை இடுக்குகள் ஆகியவைதான் கணக்கு. யானைமலைப் பாறையில் இச்சி மரம் எப்படி நிற்கிறது? அதன் வேர் இறங்கிய பிளவில்தான் அதன் தண்ணீர். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் சிக்கல் நேர்மாறானது. ஆழத்துக்குக் குறைவில்லை, ஆனால் கோடையில் மண் சுருங்கி வெடிக்கும்போது நுண்வேர்கள் அறுபடுகின்றன. கருவேலம் அதைத் தாங்குகிறது, பல மலைச் செடிகள் தாங்குவதில்லை. இன்னொன்று: அவரைக் குடும்பம் என்றாலே நைட்ரஜனை மண்ணில் நிறுத்தும் என்று எழுதிவிடாதீர்கள். வேல மரங்களின் வேரில் அதைச் செய்யும் முடிச்சு உண்டு, ஆவாரைக்குக் கிடையாது.

சீமைக்கருவேலத்தைப் பிடுங்கியதோடு வேலை முடிந்ததாக நினைப்பது

சீமைக்கருவேலம் நல்ல காட்டுக்குள் தானாக நுழைந்து வெல்வது குறைவு. திறந்த, கிளறிய, மேய்ந்த மண்ணில்தான் அது காலூன்றும். நெற்றைத் தின்ற ஆடு மாடே விதையைச் சாணத்தோடு சுமந்துபோய் விதைக்கிறது. வெட்டினால் துளிர்க்கிறது, சரி. ஆனால் ஜேசிபி விட்டு வேரோடு பிடுங்கும்போது மண்ணைப் புரட்டி, அந்த விதைகளுக்கே பாத்தி கட்டிக் கொடுக்கிறோம். அதன் அடியில் இத்தனை ஆண்டு சேர்ந்த நைட்ரஜனும் அங்கேதான் இருக்கும். அடுத்து வரும் களைகள் அதைத் தின்று கொழுக்கும். பிடுங்கும் நாளிலேயே அடுத்த சில மழைக்காலங்களுக்கு நாற்று பிடுங்க ஆள் யார், மந்தையை எங்கே திருப்புவது, எந்த நாட்டு விதையைத் தூவுவது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இயந்திரத்தைக் கூப்பிடாதீர்கள்.

கணக்கெடுப்பு பற்றி இரண்டு சின்ன விஷயம். பாதையோரமாகவே சதுரம் போட்டால் பாதையின் கதைதான் கிடைக்கும். குறைந்தது சில பத்து அடியாவது உள்ளே போங்கள். ஒரே ஒரு முறை, அதுவும் சித்திரை விடுமுறையில் போய்விட்டு இனப்பட்டியலை மூடாதீர்கள். இலையே இல்லாமல் பூக்கும் நரிவெங்காயத்தைக் கோடையில் பார்க்கலாம், ஆனால் கண்வலிக்கிழங்குக் கொடியும் பாதிப் புல் வகைகளும் மழைக்குப் பிறகுதான் தலைகாட்டும். கார்த்திகையில் இன்னொரு முறை அதே சதுரத்துக்குப் போக வேண்டும், கையில் அதே கடப்பாரையோடு.