ஹார்ட்டெயிலின் பின் டயர்: எடை பார்த்து வாங்காதீர்கள்

போன வாரம் எங்களோடு மலைப்பாதையில் ஹார்ட்டெயில் (பின்பக்கம் ஷாக் இல்லாத மலை சைக்கிள்) புதிதாக ஓட்ட வந்த தம்பி ஒருவர், கிளம்பி அரை மணி நேரத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார். பின் டயரிலிருந்து, ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் வெள்ளையாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். ரிம்மை ஒட்டிப் பக்கச்சுவரில் அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு. அதே இடத்தில் ரிம்மின் விளிம்பும் நசுங்கியிருந்தது. "புது டயர்ண்ணா, மாட்டி மூணு வாரம்தான் ஆச்சு" என்றார். எடை எவ்வளவு என்று கேட்டேன். "650 கிராம்" என்றபோது, அந்த நிலைமையிலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. எனக்கு அந்தப் பெருமை நன்றாகத் தெரியும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

சக்கர அளவை மாற்றி வாங்குவது, ரிம் டேப்பைச் சரியாக ஒட்டாமல் விடுவது போன்றவை மாட்டும் நாளிலேயே தெரிந்துவிடும். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஓட்டிப் பார்த்த பிறகுதான் தெரிய வரும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எடையைப் பார்த்துப் பின் டயர் வாங்குவது

பின்பக்கம் ஷாக் உள்ள சைக்கிளில் சக்கரம் கல்லில் மோதினால் அந்த அடியில் ஒரு பகுதியை ஷாக் வாங்கிக்கொள்ளும். ஹார்ட்டெயிலில் அந்த வேலையைச் செய்ய டயரையும் அதற்குள் இருக்கும் காற்றையும் தவிர வேறு எதுவும் இல்லை. உட்கார்ந்து ஓட்டும்போது எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் பின் சக்கரத்தின் மேல்தான் இருக்கிறது. முன் சக்கரத்தைக் கண்ணால் பார்த்து, கையால் லேசாகத் தூக்கிக் கல்லைத் தாண்ட வைக்கிறோம். பின் சக்கரம் நாம் பார்க்காத வழியில் இழுபட்டு வருகிறது. அதனால் அதிகம் அடிபடுவது அதுதான்.

இந்த இடத்தில் போய் மெல்லிய கேசிங் (ரப்பருக்கு அடியில் இருக்கும் நூல் அடுக்கு) உள்ள டயரை மாட்டினால் என்ன ஆகும்? எனக்கு ஆனதைச் சொல்கிறேன். அப்போது என் எடை 75 கிலோ. 29 அங்குலச் சக்கரம், 2.25 அங்குல அகல டயர். எல்லாரும் சொல்கிற மாதிரி 25 பி.எஸ்.ஐ. காற்று வைத்தேன். முதல் கல் இறக்கத்திலேயே பின்னால் ரிம் கல்லில் இடித்து 'டங்' என்று சத்தம். டியூப் இருந்திருந்தால் அங்கேயே பஞ்சர் ஆகியிருக்கும். டியூப்லெஸ் என்பதால் ஓடிக்கொண்டே இருந்தது, நானும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வாரம் ரிம்மில் ஒரு நசுங்கல். சரி, காற்று போதவில்லை என்று 28 வைத்தேன். மறுபடியும் 'டங்'. 30, அப்புறம் 33.

33-இல் சத்தம் நின்றது. கூடவே சைக்கிளின் சுகமும் போய்விட்டது. வேர்கள் குறுக்கே ஓடும் ஏற்றத்தில் பின் டயர் தரையைப் பிடிக்காமல் பந்து மாதிரி துள்ளியது. உட்கார்ந்து மிதித்தால் இடுப்பில் அடி, எழுந்து நின்றால் சக்கரம் வழுக்கியது. வேகமாக ஏற வேண்டும் என்றுதான் லேசான டயரை வாங்கினேன். அந்த டயருக்கு வைத்த காற்றினாலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். டியூப்லெஸ் போடுவதே காற்றைக் குறைத்து ஓட்டத்தான். மெல்லிய கேசிங் அந்த லாபத்தை நம் கையிலிருந்து அப்படியே பிடுங்கிக்கொள்கிறது.

ஒரு நாள் அந்த டயர் கிழிந்தது. பீட் (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பு) பக்கத்தில், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இடத்தில் வெட்டு. நடு டயரில் ஆணி குத்திய ஓட்டை என்றால் அடைப்பான ரப்பர் ப்ளக் திணித்துவிட்டுப் போகலாம். பக்கச்சுவர் வெட்டில் ப்ளக் நிற்கவே நிற்காது. காற்றடித்தவுடன் வெட்டு வாயைத் திறந்து அதைத் துப்பிவிடும். மூன்று ப்ளக் வைத்துப் பார்த்தேன். அன்று நடந்துதான் வீடு வந்தேன்.

இன்னும் எரிச்சல் தருவது அதற்கு அடுத்து நான் செய்தது. அந்தக் கல்தான் காரணம் என்று நினைத்து, அதே டயரை இன்னொன்று வாங்கினேன். அதுவும் கிழிந்தது. அதற்குள் ரிம்மில் விழுந்த பள்ளம் ஆழமாகி, பீட் உட்காராமல் காற்று கசிய ஆரம்பித்திருந்தது. கடைசியில் இரண்டு டயர், ஒரு ரிம், ஸ்போக் எல்லாம் கழற்றி மறுபடி கட்டிய கூலி. இத்தனையும் 300 கிராம் மிச்சம் பிடிக்க.

அந்த 300 கிராமைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ. அதில் 300 கிராம் என்பது 0.33 சதவீதம். சுழலும் எடை என்பதால், வேகம் எடுக்கும்போது மட்டும் அதை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளலாம். அப்போதும் ஒரு சதவீதம் வரவில்லை. தடித்த கேசிங் கொஞ்சம் மந்தமாக உருளும் என்பது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் 33 பி.எஸ்.ஐ.யில் துள்ளும் டயர் கரடுமுரடான பாதையில் அதைவிட அதிகமாக வேகத்தைத் தின்னும்.

கல், வேர் உள்ள பாதைக்கு, 29×2.4 அளவில் 950 முதல் 1,150 கிராம் வரை உள்ள டயரைத் தேடுங்கள். ஒரே பெயர், ஒரே பட்டன் (டயர் மேலே துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டி) அமைப்பு, ஆனால் உள்ளே வெவ்வேறு கேசிங் என்று விற்கிறார்கள். மேக்சிஸில் எக்ஸோ, எக்ஸோ பிளஸ், டபுள் டவுன் என்று தடிமன் கூடிக்கொண்டே போகும். ஷ்வால்பேயில் சூப்பர் கிரவுண்ட், சூப்பர் டிரெயில், சூப்பர் கிராவிட்டி. டயரின் பெயரை மட்டும் கேட்டு வாங்காமல் இந்த இரண்டாவது பெயரையும் படியுங்கள். கையில் கிடைத்தால் பக்கச்சுவரை இரண்டு விரலால் மடித்துப் பாருங்கள். சட்டைக் காலர் மாதிரி மடங்கினால் அது முன் சக்கரத்துக்குப் போகட்டும்.

மண் பாதையில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கும், எடை குறைந்த ஆட்களுக்கும் லேசான டயர் போதும். பந்தயக்காரர்கள் என்ன இழக்கிறோம் என்று தெரிந்தே அதைப் போடுகிறார்கள். தெரியாமல் போடுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பயந்துபோய் மறுகோடிக்கு ஓடுவது

இரண்டு டயர் கிழிந்த கோபத்தில் செங்குத்தான இறக்கங்களுக்கென்றே செய்த டவுன்ஹில் கேசிங் வாங்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒற்றை டயரே 1,300 கிராமுக்கு மேல். தடித்த சுவர் வளைந்து கொடுக்காததால் ஹார்ட்டெயிலில் மரக்கட்டை மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது என்றார். நடுத்தரக் கேசிங்கே போதும். அதிலும் ரிம் அடிபட்டால் டயருக்கு உள்ளே நுரை வளையம் (இன்சர்ட்) போடலாம்.

டி.பி.ஐ. எண் கூடினால் பலம் என்று நினைப்பது

ஒரு அங்குலத்தில் எத்தனை நூல் என்பதுதான் டி.பி.ஐ. ஒற்றை அடுக்கில் 120 என்றால் நூல் மெல்லிசு, டயர் இளக்கம். 60 என்றால் நூல் தடிமன், வெட்டுக்குத் தாங்கும்.

முன் டயரையே பின்னாலும் போடுவது

முன்னால் வேண்டியது வளைவில் பிடிப்பு. அதனால் மென்மையான ரப்பர், உயர்ந்த ஓரப் பட்டன்கள். பின்னால் வேண்டியது மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் தரையைக் கவ்வும் குறுக்கு விளிம்புகள். மேக்சிஸ் மினியன் வரிசையில் டி.ஹெச்.எஃப்., டி.ஹெச்.ஆர். என்று இரண்டு இருக்கின்றன. கடைசி எழுத்துதான் முன், பின் என்பதைச் சொல்கிறது. மென்மையான ரப்பரைப் பின்னால் போட்டால் நடுப் பட்டன்கள் சீக்கிரமே வட்டமாகத் தேய்ந்துவிடும். பின்னால் கொஞ்சம் கடின ரப்பரும் தாழ்ந்த நடுப் பட்டன்களும் இருப்பதில் தவறில்லை. பின் சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் கீழேதான்.

ஃப்ரேமை அளக்காமல் அகல டயர் வாங்குவது

அகலம் கூடினால் ஹார்ட்டெயிலுக்கு நல்லதுதான். ஆனால் டயரில் 2.4 என்று போட்டிருப்பது எல்லா ரிம்மிலும் 2.4 ஆக இருக்காது. ரிம்மின் உள் அகலம் 5 மில்லிமீட்டர் கூடினால் டயர் சுமார் 2 மில்லிமீட்டர் விரியும். மாட்டிய பிறகு ஒன்றிரண்டு நாளில் இன்னும் கொஞ்சம் இளகும். மாட்டிய அன்று இடைவெளி இருந்தது என்று நம்பிச் சேற்றில் ஓட்டினேன். வீட்டுக்கு வந்து கழுவும்போது செயின்ஸ்டேயின் (பின் சக்கரத்தை ஒட்டிப் போகும் ஃப்ரேம் குழாய்) உள்பக்கம் பெயின்ட் போய் உலோகம் மின்னியது. சேறு உப்புத்தாள் மாதிரி தேய்த்திருக்கிறது. இரண்டு பக்கமும் குறைந்தது 6 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். மாட்டி இரண்டு நாள் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

காற்றை விரலால் அழுத்திப் பார்ப்பது

கேசிங் மாறினால் விரல் ஏமாறும். காற்றழுத்தம் காட்டும் கேஜ் வாங்குங்கள்.

ஊற்றிய சீலன்ட்டை மறப்பது

29×2.4 டயருக்கு சுமார் 100 மில்லி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காய்ந்துவிட்டதா என்று திறந்து பார்க்க வேண்டும்.

டியூப்லெஸ்தானே என்று பையில் மாற்று டியூப் இல்லாமல் கிளம்புவது

அந்தத் தம்பி அப்படித்தான் வந்திருந்தார். என் பையில் இருந்த டியூபைப் போட்டு, வெட்டுக்கு உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து அனுப்பினேன்.