பார்சிலோனா கிளம்பும் முன்: மருந்துப் பெட்டியும் காகிதக் கட்டும்

கோயம்புத்தூரில் இருந்து நாங்கள் மூன்று பேரும் பார்சிலோனா வந்து இறங்கியது ஒரு ஆகஸ்ட் மாதம். மகனுக்கு அப்போது ஆறு வயது, வீசிங் உண்டு. எனக்குத் தைராய்டு. என் கணவருக்குப் பிரஷர். "ஸ்பெயினில் வைத்தியம் எல்லாம் இலவசமாமே" என்று வழியனுப்ப வந்த எல்லோரும் சொன்னார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த இலவசத்துக்கான அட்டை எங்கள் கைக்கு வர இரண்டரை மாதம் ஆனது. அந்த இரண்டரை மாதத்தை எப்படிக் கடப்பது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் அந்த நாட்களுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்

காப்பீட்டைப் பற்றி யோசிக்கும் முன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். நம் ஆட்களில் பலருக்கு சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். நாம் இனிஷியலோடு பழகியவர்கள். ஸ்பெயினிலோ ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர், அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. கல்யாணம் ஆனாலும் பெண்கள் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. பார்சிலோனா இருக்கும் கத்தலோனியாப் பகுதியில் மருத்துவ அட்டையின் எண் நான்கு எழுத்திலும் பத்து இலக்கத்திலும் இருக்கும். அந்த நான்கு எழுத்துகளையும் அந்த இரண்டு குடும்பப் பெயர்களில் இருந்துதான் எடுக்கிறார்கள். அப்படியென்றால் காலிக் கட்டம் எவ்வளவு குழப்பம் தரும் என்று பாருங்கள்.

எனக்கு ஒரு அலுவலகத்தில் என் சொந்தப் பெயரையே சர்நேமாகப் போட்டார்கள். காப்பீட்டில் கணவர் பெயர் சர்நேமாக விழுந்தது. மகனுக்கு அவன் அப்பாவின் பெயர். காகிதத்தைப் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் ஒரே குடும்பம் என்றே தெரியவில்லை. கடைசியில் காப்பாற்றியது திருமணப் பதிவுச் சான்றிதழ்தான்.

அதனால் வீசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் சர்நேம் சேர்க்க முடிந்தால் சேர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் ஒரே எழுத்துக்கூட்டல், ஒரே வரிசை என்று முடிவு செய்து எல்லாப் படிவத்திலும் அப்படியே எழுதுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். பிறந்த உடனே வாங்கிய சான்றிதழ் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது. மாநகராட்சியில் பெயரைப் பதிவு செய்து புதிதாக வாங்க வேண்டும்.

திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லுபடியாக வைக்கும் அத்தாட்சி) வேண்டும். அதற்கு முன் மாநில அரசின் சான்றொப்பம். அப்புறம் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு. இதைச் சாதாரண மொழிபெயர்ப்பாளரிடம் செய்து பயனில்லை. ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்த "ஹுராதோ" மொழிபெயர்ப்பாளரின் முத்திரை இருக்க வேண்டும். அப்போஸ்டில் வாங்கிய பிறகே மொழிபெயர்ப்புக்குக் கொடுங்கள். அந்த முத்திரையில் உள்ளதையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டும் என்பார்கள். இந்த வரிசை மாறினால் இரண்டு தடவை பணம் கட்ட நேரும்.

ஊர் டாக்டரிடம் வாங்கிக்கொள்ள வேண்டியவை

வீசாவுக்கு ஒரு மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிகளின்படி பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்தான நோய் எதுவும் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். இதை எல்லோரும் வாங்கிவிடுவார்கள். மறப்பது மற்றதைத்தான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். என்ன நோய், எப்போதிருந்து, என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எதற்கு ஒவ்வாமை. மருந்தின் கம்பெனிப் பெயர் இங்கே யாருக்கும் புரியாது, மூலப்பெயரை எழுதச் சொல்லுங்கள். நான் ஊரில் போட்ட தைரோநார்ம் என்ற பெயர் இங்கே இல்லை. லெவோதைராக்ஸின் என்று சொன்னதும் யூத்திராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள். மகனின் அஸ்தாலின் இங்கே வென்டோலின், இரண்டும் சால்பியூட்டமால்தான். டோலோ என்றால் விழிப்பார்கள், பாரசிட்டமால் என்றால் போதும்.

தடுப்பூசிப் புத்தகத்தை அப்படியே கொண்டுவராதீர்கள். எங்கள் மகனின் புத்தகத்தில் பாதி டாக்டர் கையெழுத்து, பாதி ஒட்டிய லேபிள். அதை வரிசையாகத் தட்டச்சு செய்து, ஊசியின் பெயரும் தேதியும் போட்டு, டாக்டர் சீல் வாங்கினேன். இங்கே நர்ஸ் அதைப் பார்த்துப் பத்தே நிமிடத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் மெனிங்கோகாக்கஸ் ஊசி மட்டும் விடுபட்டிருந்தது, அதை இங்கே போட்டார்கள். இன்னொன்று, பி.சி.ஜி. ஊசி ஸ்பெயினின் வழக்கமான அட்டவணையில் இல்லை. நம் குழந்தைகளின் தோளில் இருக்கும் அந்தத் தழும்பைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். அந்த ஊசி போட்டவர்களுக்குக் காசநோய்க்கான தோல் சோதனை சில சமயம் பாசிட்டிவ் மாதிரி காட்டும். வீணாகப் பயப்பட வேண்டியதில்லை.

மருந்தை மூன்று மாதத்துக்கு, சீட்டோடு, பிரிக்காத அட்டையாகக் கொண்டுவாருங்கள். தீர்ந்ததும் பார்சலில் வரவழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சுங்கத்தில் நின்றுவிடும்.

வேலைக்கு வருகிறவர், சும்மா இருக்க வருகிறவர்

ஸ்பெயினில் பொது மருத்துவத்தை 17 தன்னாட்சிப் பகுதிகளும் தனித்தனியே நடத்துகின்றன. மாட்ரிட்டில் இருக்கும் நண்பர் சொல்லும் நடைமுறை பார்சிலோனாவில் அப்படியே நடக்காது. எந்த ஊருக்குப் போகிறீர்களோ அந்த ஊர்க்காரரிடம் கேளுங்கள்.

வேலைக்கு வந்தவர் சமூகப் பாதுகாப்பு என்ற அரசுத் திட்டத்தில் பதிவாகிச் சந்தா கட்டத் தொடங்கியதும் மருத்துவ உரிமை வந்துவிடும். கூட வசிக்கும் துணையையும் 26 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் அவர் பெயரில் சேர்க்கலாம். வேலை பார்க்காமல் சேமிப்பில் வாழ வருகிறவர்களுக்கான வீசா என்றால் தனியார் காப்பீடு கட்டாயம். அந்தப் பாலிசியில் இரண்டு வார்த்தைகளைத் தேடுங்கள்: "சின் கொபாகோ", "சின் கரென்சியாஸ்". ஒவ்வொரு தடவையும் கையில் இருந்து கட்டணம் கட்டத் தேவையில்லை, காத்திருப்புக் காலமும் இல்லை என்று அர்த்தம். இந்த இரண்டும் இல்லாத மலிவான பாலிசியை வீசாவுக்கு ஏற்க மாட்டார்கள். ஒரு வருடம் இங்கே வசித்த பிறகு, மாதம் 65 வயதுக்குக் கீழே 60 யூரோ, அதற்கு மேல் 157 யூரோ கட்டிப் பொது மருத்துவத்தில் சேரும் தனி ஒப்பந்தம் ஒன்று உண்டு. ஆனால் அதில் மருந்துக்கு முழு விலையும் நாம்தான் தர வேண்டும்.

நாங்கள் வேலை வழியில் வந்தவர்கள். இருந்தாலும் முதல் வருடத்துக்குத் தனியார் காப்பீடும் எடுத்தோம், அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. எடுக்கும்போது உடல்நலக் கேள்வித்தாள் ஒன்று வரும். மகனின் வீசிங்கை மறைத்துவிடலாம் என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் நாளில் கம்பெனி கையை விரித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பிரசவத்துக்குப் பெரும்பாலான பாலிசிகளில் எட்டு மாதக் காத்திருப்பு இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாலிசி வருடா வருடம் தானாகவே நீளும். வேண்டாம் என்றால் முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்னாடியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

வந்து இறங்கியதும்

எல்லாவற்றுக்கும் வேர் "பத்ரோன்". இந்த முகவரியில் இவர்கள் வசிக்கிறார்கள் என்று நகராட்சியில் செய்யும் பதிவு அது. வாடகை ஒப்பந்தமும் பாஸ்போர்ட்டும் வேண்டும். சில வீட்டுக்காரர்கள் பதிவு செய்ய விட மாட்டார்கள். அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, "இந்த முகவரியில் மூன்று பேருக்கும் பத்ரோன் போடலாமா?" என்று கேட்டுவிடுங்கள். தயங்குகிற வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது சமூகப் பாதுகாப்பு எண், அப்புறம் குடும்பத்தைச் சேர்க்கும் விண்ணப்பம். இங்கேதான் அந்த அப்போஸ்டில் காகிதங்கள் வேலைக்கு வரும். வெளிநாட்டவர் அட்டைக்குக் கைரேகை வைக்க, வந்த ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்பதிவு கிடைப்பதே பெரும்பாடு, ஆகஸ்டில் இன்னும் கஷ்டம். காலையில் எழுந்ததும் இணையதளத்தைத் திறந்து பார்ப்பது எங்கள் வீட்டில் காபி போடுவதற்கு முந்தைய வேலையாக இருந்தது.

இதெல்லாம் கையில் வந்ததும் உங்கள் தெருவுக்குரிய ஆரம்ப சுகாதார மையத்துக்குப் போங்கள். கத்தலோனியாவில் அதற்குக் "காப்" என்று பெயர், மற்ற பகுதிகளில் "சென்த்ரோ தெ சலுத்". எந்த மையம் என்பதை முகவரிதான் தீர்மானிக்கும். கவுன்டரில் எங்களுக்கு ஒரு காகிதச் சீட்டு கொடுத்தார்கள். எண் அதிலேயே இருந்ததால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க முடிந்தது. அட்டை பிறகு தபாலில் வந்தது. பெரியவர்களுக்கு ஒரு குடும்ப டாக்டர், குழந்தைக்கு ஒரு குழந்தை டாக்டர், ஒரு நர்ஸ் என்று பெயர் போட்டே ஒதுக்குகிறார்கள். கத்தலான் மொழியில் பேச்சைத் தொடங்குவார்கள். "கஸ்தெய்யானோ, போர் ஃபவோர்" என்றால் ஸ்பானிஷுக்கு மாறிவிடுவார்கள்.

ஒரு ராத்திரி

செப்டம்பரில், அட்டை வருவதற்கு முன்பு, மகனுக்கு ராத்திரி பதினோரு மணிக்கு 39 டிகிரி காய்ச்சல். ஊரில் இருந்து கொண்டுவந்த சிரப் தீர்ந்துபோயிருந்தது. எந்த மருந்துக்கடை மூடியிருந்தாலும் அதன் கதவில், இன்றைக்கு ராத்திரி முறை எந்தக் கடைக்கு என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து அவர் ஓடினார். முறைக் கடையில் கதவைத் திறக்காமல் சின்ன ஜன்னல் வழியாகவே மருந்து தருவார்கள். அங்கே இருந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை எத்தனை கிலோ?"

அந்தக் கேள்வியின் அருமை வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அவர் வாங்கி வந்தது அபிரெத்தால். குழந்தைகளுக்கான பாரசிட்டமால்தான், பாட்டிலோடு ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றும் இருந்தது. நான் பழக்க தோஷத்தில் ஸ்பூனை எடுத்துவிட்டேன். ஊரில் நாங்கள் கொடுத்தது 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப், ஒரு தடவைக்கு 6 மில்லி. இதில் ஒவ்வொரு மில்லியிலும் 100 மில்லிகிராம். 20 கிலோ பையனுக்கு 3 மில்லிதான் கணக்கு. பழைய நினைப்பில் 6 மில்லி ஊற்றியிருந்தால் இரண்டு மடங்கு போயிருக்கும். அட்டைப் பெட்டியை விளக்கடியில் பிடித்து அவர்தான் இரண்டு தடவை படித்துச் சொன்னார். இங்கே வந்து குழந்தைக்கு வாங்கும் எந்தச் சிரப்பிலும் ஸ்பூன் கணக்கை மறந்துவிடுங்கள். எடையைச் சொல்லி, எத்தனை மில்லி என்று கடையிலேயே பெட்டி மேல் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ராத்திரியில் டாக்டரே பார்க்க வேண்டும் என்றால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம். கத்தலோனியாவில் "குவாப்" என்ற அவசர மையங்கள் உண்டு, 24 மணி நேரமும் திறந்திருப்பவை பல. 061க்கு அழைத்தால் எங்கே போகலாம் என்று சொல்வார்கள். மூச்சுத் திணறல், வலிப்பு, மயக்கம் என்றால் யோசிக்காமல் 112. பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வந்த வரிசையில் பார்ப்பதில்லை. யாருக்கு ஆபத்து அதிகம் என்று பிரித்து அந்த வரிசையில்தான் பார்ப்பார்கள். சாதாரணக் காய்ச்சலோடு போனால் பல மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.

ஆன்டிபயாடிக்கைச் சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். பாரசிட்டமால் ஒரு கிராம் மாத்திரைக்கும் ஐபுப்ரோஃபென் 600க்கும்கூடச் சீட்டு வேண்டும். அட்டை வந்த பிறகு டாக்டர் கம்ப்யூட்டரில் மருந்தை ஏற்றிவிடுவார், கடையில் அட்டையை நீட்டினால் போதும். வேலை பார்க்கும் குடும்பம் மருந்து விலையில் ஒரு பங்கு தர வேண்டும். ஆண்டு வருமானம் 18,000 யூரோவுக்குக் கீழே என்றால் 40 சதவீதம், 18,000 முதல் ஒரு லட்சம் வரை 50 சதவீதம். என் தைராய்டு மாத்திரைக்கு ஒன்றிரண்டு யூரோவுக்கு மேல் ஆனதில்லை. தனியார் டாக்டர் எழுதிய சீட்டுக்கு முழு விலை.

பல் வைத்தியம் வேறு கதை. பெரியவர்களுக்குப் பொது மருத்துவத்தில் பல் பிடுங்குவதைத் தாண்டி அதிகம் எதிர்பார்க்க முடியாது. வேர்ச் சிகிச்சை, கேப் எல்லாவற்றையும் ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள். கண்ணாடியும் இரண்டு ஜோடி.

அத்தை வந்தபோது

மாமியார் அடுத்த வருடம் வந்தார். சுற்றுலா வீசாவில் 180 நாட்களில் 90 நாள் தங்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு கட்டாயம். அத்தைக்குச் சுகர் உண்டு. பயணக் காப்பீட்டில் பழைய நோய்களை விலக்கும் வரி எங்கேயாவது இருக்கும், அதைத் தேடிப் படித்து, ஏற்கும் பாலிசியாகப் பார்த்து எடுத்தோம். நூறு நாளுக்கு மாத்திரை, சீட்டு, சுகர் மானிட்டர், ஸ்டிரிப் எல்லாவற்றையும் கைப்பையில் வைக்கச் சொன்னேன். "பெட்டியில் போட்டால் என்னம்மா?" என்றார். பெட்டி நம்மோடு வந்து சேரவில்லை என்றால் முதல் நாளே மாத்திரை இருக்காது அத்தை என்று சொல்லிப் புரியவைத்தேன்.

எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது. 112, 061, எங்கள் முகவரி, மூன்று பேரின் மருந்துகள். அதன் கீழே பெரிய எழுத்தில் "மி இஹோ தியேனே ஆஸ்மா", என் மகனுக்கு ஆஸ்துமா. அத்தை தங்கியிருந்த நாட்களில் அதைத் தினமும் சத்தமாகச் சொல்லிப் பழகினார். மகன் தன் வாயாலேயே "தெங்கோ ஆஸ்மா" என்று சொல்லக் கற்றுக்கொண்டு, பள்ளிக்கூடப் பையில் இன்ஹேலரும் ஸ்பேசரும் எந்த ஜிப்பில் இருக்கிறது என்று முதல் நாளே டீச்சருக்கு எடுத்துக் காட்டினான்.